கயிற்றின் இந்த முனை

இதை எனக்கு முதன்முதலில் சொன்னது சுகிர்தம் அக்காதான். போன வருஷம் எங்கள் கோயில் அசனம், சர்ச்சில் ஊருக்கெல்லாம் போடுகிற பொதுச் சாப்பாடு, முடிந்த மறுநாள், ஏழெட்டுப் பெண்களாகக் கோயிலுக்குப் பின்னால் குழாயடியில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். முந்தின நாள் எங்கள் போதகர் ஐயர் சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ணுகையில், ஊரே கண்ணை மூடி நிற்க, அக்கா மட்டும் கண்ணை அகலத் திறந்துகொண்டு பந்தலில் வரிசையாக நின்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முழங்கையால் ஒரு இடி இடித்தேன். அப்போதும் மூடவில்லை. ஜெபமென்று சொன்னால் பக்கத்தில் வெடி வெடித்தாலும் இமை திறக்காத மனுஷி அவள். அதனால்தான் மறுநாள் கேட்டேன், "என்னக்கா, கண்ணுக்கு மருந்து கிருந்து விட்டிருக்கியளா?" என்று. அண்டாவுக்குள் பாதி உடம்பு இறங்கியிருந்தபடியே சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள். அவள் வரிசையாகச் சொல்லவில்லை. அது நடந்த அன்றைக்கு அவள் மனசும் வரிசையாக ஓடவில்லை. மனசுக்குள் ஓடினதை அவள் வாயால் வந்தபடியே சொல்கிறேன்.

அதே வருஷம் ஜனவரியில் ஒரு காலையில், பெங்களூரிலிருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளி, ராமநகரம் பக்கத்தில் ஒரு பாறையடியில் சுகிர்தம் அண்ணாந்து நின்றாள். புது வருஷ ஆராதனை முடிந்த கையோடு மகள் வீட்டுக்கு வந்தவள். பத்து நாள் இருந்து ஊர் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் மகள் ஹெப்சிபா கூப்பிட்டிருந்தாள். ஊர் பார்ப்பதென்றால் பூந்தோட்டம், அரண்மனை, பெரிய கடை என்று இவள் நினைத்திருக்க, நாலாம் நாள் விடிந்ததும் விடியாததுமாக, "அம்மா, இன்னிக்குப் பாறை ஏறப் போறோம்" என்றாள் மகள். சேலை ஆகாது என்று மகளின் சுடிதாரைப் போட வைத்தாள். பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து சேலையைத் தவிர வேறொன்றும் அறியாத உடம்பு, பாதி உடுத்திக்கொண்டு தெருவில் வந்து நிற்கிற மாதிரி கூசியது. அதற்கு மேல் இடுப்புக்கு ஒரு பட்டை, தொடைக்கு ஒவ்வொரு பட்டை. கொண்டை அமுங்க ஹெல்மெட். பாறைக்குக் கூட்டிக்கொண்டு போகிற மாதேஷ், கிருஷ்ணகிரிக்காரர், நாற்பது வயதிருக்கும், உள்ளங்கை இரண்டும் செருப்புத் தோல் மாதிரி காய்த்துப்போனவர், அவள் இடுப்பில் கையளவு இரும்புப் பூட்டு ஒன்றை மாட்டி, அதற்குள் கயிற்றை நுழைத்துச் சொல்லிக் கொடுத்தார். கயிற்றின் ஒரு முனை ஹெப்சி இடுப்பில். அது உச்சிக்குப் போய், அங்கே அவர் கட்டி வைத்திருக்கிற வளையத்துக்குள் புகுந்து, திரும்பிக் கீழே இறங்கி இவள் பூட்டுக்குள் வருகிறது. "பாப்பா ஏற ஏற கயிறு தொளதொளன்னு ஆவும்மா. இடது கையால இழுங்க, வலது கையால கீழ தள்ளுங்க. கெணத்துல தண்ணி சேந்துற மாதிரிதான். ஆனா இந்த வலது கை மட்டும் கயித்தை விடவே கூடாது. மூக்குல ஈ உக்காந்தாலும் விடக் கூடாது. கண்ணு பாப்பா மேலயே இருக்கணும்." அவர் சும்மா ஒரு காவலுக்கு அவளுக்குப் பின்னால் கயிற்றின் வாலைக் கையில் வைத்துக்கொண்டார். ஹெப்சி காலுக்கு இரண்டு அளவு சின்னதான, பாறையேறுகிற ரப்பர் சப்பாத்தைத் திணித்துக்கொண்டே, "நான் 'இழு'ன்னா இழுத்து இறுக்கு. 'விடு'ன்னா ஒரு முழம் விடு. வேற ஒண்ணும் நீ பேச வேண்டாம்" என்றாள். "ஜெபம்?" என்றாள் இவள். "மனசுக்குள்ள பண்ணு" என்று சொல்லிவிட்டு வெள்ளைப் பொடியைக் கையில் தட்டிக்கொண்டு மகள் ஏற ஆரம்பித்துவிட்டாள்.

மூக்கில் ஈ உட்காரவில்லை, ஆனால் அவர் சொன்னதிலிருந்து மூக்கு அரிக்கிறது. சொல்லாமலிருந்திருந்தால் அரித்திருக்காது. இடது கையால் சொறியலாமா? இடது கை இழுக்க வேண்டுமே. இழு, தள்ளு. இழு, தள்ளு. கயிற்றில் புதுப் புத்தகப்பை வாசனை வருகிறது. ஹெப்சி மூன்றாம் வகுப்புக்குப் போகும்போது வாங்கிய நீலப் பையில் இதே வாசனைதான் வந்தது, அதை அவள் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள். இப்போது என் தலைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் கோயில் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிற பல்லி மாதிரி போய்க்கொண்டிருக்கிறாள், ஆண்டவரே, பல்லி என்று நினைக்கக் கூடாது, பல்லி பிரசங்க நடுவில் தொப்பென்று விழுந்திருக்கிறது, பாட்டுக்காரப் பெண்கள் அலறி எழுந்திருக்கிறார்கள். வேறென்ன நினைக்கலாம்? வீட்டில் கேஸை அடைத்தேனா? அடைத்தேன். இல்லை, அது வியாழக்கிழமை அடைத்தது. கிளம்பின அன்றைக்குக் காலையில் ஹெப்சி அப்பா கடைசியாக ஒரு காப்பி கேட்டார், அதைப் போட்டுவிட்டு அடைத்தேனா? அவர் வீட்டில்தானே இருக்கிறார், முட்டுவலி, பயணம் ஆகாது என்று இருந்துவிட்டார், அவரே போட்டுக் குடித்துக்கொண்டிருப்பார், அதனால் அடைத்தேனா என்பதற்கே அர்த்தமில்லை, ஆனாலும் மனசு திரும்பத் திரும்ப அந்த ரெகுலேட்டரிலேயே போய் நிற்கிறது. இழு, தள்ளு. கயிறு எவ்வளவு மெலிசாக இருக்கிறது, சுண்டுவிரல் கனம்கூடச் சரியாக இல்லை. இதிலா என் பிள்ளை தொங்கப் போகிறாள்? "இதுல ஒரு லாரியைக் கட்டி இழுக்கலாம்மா" என்றார் மாதேஷ். லாரியை இழுப்பது லாரிக்காரனுக்குச் சமாதானம், எனக்கென்ன சமாதானம்? பாறை மேலே போகப் போகக் கறுப்பாக இறங்கின நீர்க்கறை, அதற்கு வலப்பக்கம் தூரத்தில் பாறை விலாவில் தொங்குகிற தேனடைகள், பெரிய பெரிய காதுகள் மாதிரி. அவை எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி. இவள் ஏன் என்னைப் பிடிக்கச் சொன்னாள்? அந்தக் கேள்விதான் காலையிலிருந்து நெஞ்சில் மீன் முள்ளாகக் கிடக்கிறது. கூட வர வேண்டிய சிநேகிதிக்குக் காய்ச்சல், சரி. மாதேஷ் தாமே பிடித்துக்கொள்கிறேன் என்றுதான் சொன்னார், கயிற்றைக் கையிலும் எடுத்துவிட்டார். அப்போது இவள் திரும்பிப் பாராமல், சப்பாத்தைத் தேடிப் பைக்குள் கையை விட்டபடி, "அம்மா பிடிக்கட்டும் அண்ணா" என்றாள். போட்டோ எடுக்கப் போனைக் கையில் கொடுக்கிற மாதிரி லேசாகத்தான் சொன்னாள். லேசாகச் சொன்னாளா? என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாளே. பார்க்காமல் சொல்வது லேசாகச் சொல்வதா, லேசில்லை என்பதால் பார்க்காமல் சொன்னதா? இழு, தள்ளு.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு பிற்பகல், மூன்றே கால் மணி. மணிகூட நினைவிருக்கிறது, ஏனென்றால் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, கீரையைத் தாளித்துவிட்டுச் சாயங்காலம் பெண்கள் கூட்டத்துக்குப் போக நேரம் சரியாயிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். போன் வந்தது. ஹெப்சி கோயம்புத்தூரிலிருந்து. கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம் முடிந்து இரண்டு மாதம். ஆல்வின் நல்ல பையன், சொந்தத்துக்குள், பெரிய உத்தியோகம், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன் என்று சொல்லி ஊரே ஆசீர்வதித்து அனுப்பிய கல்யாணம். "அம்மா" என்றாள். அப்புறம் கொஞ்சம் மூச்சு. "நான் அங்க வந்துரட்டா?" கையில் கீரைக் காம்பு. திண்டில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவர், "யாரு?" என்றார். "ஹெப்சி. சும்மாதான்." சும்மாதான் என்று ஏன் சொன்னேன்? யார் சொல்லச் சொன்னார்கள்? நாக்கு தானாகச் சொன்னது, வீட்டுக்கு ஆள் வந்ததும் கொடியில் கிடக்கிற அழுக்குத் துணியை வாரி உள்ளே போடுகிற மாதிரி. பிறகு போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அடுக்களைக்குப் போய், "பொறு மக்கா, ஜெபம் பண்ணுவோம்" என்று கண்ணை மூடினாள். ஜெபம் பண்ணினாள். சின்ன ஜெபமில்லை. அவள் அம்மா, அவள் மாமியார், பெண்கள் சங்கம் என்று எல்லோரிடமும் கற்ற வார்த்தைகள் அத்தனையும் வந்தன. குடும்பத்தைக் கட்டினவரே, புயலை அடக்கினவரே, என் பிள்ளைக்குப் பொறுமையைத் தாரும், மருமகன் மனசை இளக்கும். ஆமென். ஆமென் சொன்ன பிறகு அவளுக்கு ஒரு பழக்கம், அம்மாவிடமிருந்து வந்தது: உடனே கண்ணைத் திறப்பதில்லை. வாயை மூடி மனசுக்குள், பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே என்று தொடங்குகிற கர்த்தருடைய ஜெபத்தை ஒரு தரம் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் திறப்பது. சொன்ன ஜெபத்துக்கு அது முத்திரை மாதிரி. அன்றைக்கும் சொன்னாள். அந்த மௌனத்துக்குள்தான், யாரோ தோளைத் தொட்டுச் சொன்ன மாதிரி, இதென்ன ஜெபம், பிள்ளை வரட்டுமா என்று கேட்கிறாள், வா என்று சொல், என்று தோன்றியது. கண்ணைத் திறந்தாள். "வந்துரு மக்கா, இப்பவே பஸ் ஏறிரு" என்றாள். போனில் ஒன்றுமில்லை. எப்போது போனை வைத்தாள்? எந்த வார்த்தையில் வைத்தாள்? பொறுமை என்ற இடத்திலா, மருமகன் என்ற இடத்திலா? இந்த ஐந்து வருஷத்தில் அந்த ஜெபத்தை வார்த்தை வார்த்தையாகத் திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறாள், கிணற்றில் விழுந்த குடத்தைப் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவுகிற மாதிரி. ஒரு தரமும் தட்டுப்படவில்லை. அன்றைக்கே திரும்பப் போன் போட்டாள், எடுக்கவில்லை. மறுநாள் எடுத்தாள். "ஒண்ணுமில்லம்மா. சரியாயிருச்சு" என்றாள். இழு. தள்ளு. இழு.

நாலு மாதம் கழித்து இடது மணிக்கட்டு. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றார்கள். கோயிலிலும் அப்படித்தான் சொன்னோம். ஜெபக் குறிப்பில் சகோதரி ஹெப்சிபாவின் கை குணமாக என்று வாசித்தார்கள், நான் எல்லோருக்கும் முன்னால் முழங்காலில் இருந்தேன். வழுக்கி விழுகிறவள் வெளிப்பக்கமாகக் கையை ஊன்றுவாள், இது யாரோ பிடித்து உள்ளே முறுக்கின மாதிரி முறிந்திருக்கிறதே என்று எலும்பு டாக்டர் கேட்டாராம். அதை ஹெப்சி சொன்னது பிறகு, ரொம்பப் பிறகு, பெங்களூருக்குத் தனியாகப் பஸ் ஏறி வேலையும் தேடிக்கொண்டு ஒரு வாரம் கழித்து, வெயில் மழை சொல்கிற குரலில். யாரையும் குற்றம் சொல்லவில்லை. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். இந்த மூன்று நாளும் காப்பி போட்டுத் தந்தாள், கால் வலிக்குத் தைலம் தேய்த்தாள், "இந்த ஊர்த் தண்ணி உனக்கு ஒத்துக்கிடலியோ" என்றாள். மூன்று நாளும் நான் கேட்க வாயெடுத்து, தட்டைக் கழுவிவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். எந்த வார்த்தையில் வச்ச மக்கா? அதைக் கேட்டுவிட்டால் அவள் சொல்லிவிடுவாளே. சொல்லிவிட்டால் நான் எந்த முகத்தோடு ரயில் ஏற? இப்போது அந்த இடது கைதான் அங்கே, நாலு ஆள் உயரத்தில், பாறையில் ஒரு வெடிப்புக்குள் விரலை நுழைத்து நிற்கிறது. மணிக்கட்டில் தழும்பு இங்கிருந்து தெரியாது, ஆனால் எனக்குத் தெரிகிறது. "அந்தக் கையில வெயிட்டைப் போடணும் பாப்பா, போட்டாதான் வலது கை மேல போவும்" என்று மாதேஷ் கத்துகிறார். போடாதே. அந்தக் கையில் போடாதே. மாதேஷுக்கு அந்தக் கையைப் பற்றி என்ன தெரியும், இரும்புத் தகடு வைத்திருக்கிறது, ஆறு ஆணி. ஹெப்சி அசையவில்லை. கன்னத்தைப் பாறையில் வைத்துக்கொண்டிருக்கிறாள், காய்ச்சல் வந்தால் என் முதுகில் வைத்துக்கொள்வாளே அந்த மாதிரி. இடது கால் ஆட ஆரம்பிக்கிறது, தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி, குதிகால் படபடவென்று. "அண்ணா, முடியல" என்ற குரல் மெலிசாக இறங்குகிறது. எனக்கு மூக்கு அரிக்கவில்லை இப்போது. ஒன்றும் தெரியவில்லை. மூன்றே கால் மணி. கீரைக் காம்பு. தேனடைகள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. இயேசப்பா, என் பிள்ளை, அந்தக் கை, இயேசப்பா, அந்தக் கையைத் தாங்கும், புயலை அடக்கினவரே…

கண் மூடிக்கொண்டதும் தெரியாது. கை இரண்டும் மேலே எழும்பி நெஞ்சுக்கு நேரே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டதும் தெரியாது. ஐம்பது வருஷம் பழகின கைகள், யாரைக் கேட்டு எழும்ப வேண்டும்? மேலே ஒரு சின்னச் சத்தம், சப்பாத்து கல்லில் உரசுகிற சத்தம். உடனே இடுப்பில் யாரோ பிடித்து வானத்துக்கு இழுத்த மாதிரி பட்டை இறுகியது. குதிகால் தரையை விட்டது. பூட்டு 'டக்'கென்று கயிற்றைக் கடித்தது. பின்னாலிருந்து மாதேஷ் "ஏய்!" என்று கயிற்றின் வாலைத் தம் இடுப்போடு சேர்த்து அணைத்து இரண்டு எட்டு பின்னுக்குப் போய் உட்கார்ந்தேவிட்டார். கண்ணைத் திறந்தபோது தன் கைகளைத்தான் முதலில் பார்த்தாள். கூப்பியபடி இருந்தன. கயிறு அவற்றைத் தொடாமல் பக்கத்தில் விறைத்து நின்றது.

ஹெப்சி ஓர் ஆள் உயரம் கீழே, பாறையிலிருந்து விலகி, மெதுவாகச் சுற்றிக்கொண்டு தொங்கினாள். முழங்கால் பக்கம் பேன்ட் கிழிந்து சிவப்பு. தலை குனிந்திருந்தது. தோள் குலுங்கியது. அழுகிறாள்.

"அம்மா, கயித்தைப் பிடிங்க மொதல்ல!" என்றார் மாதேஷ் உட்கார்ந்தபடியே. பிடித்தாள். அவருக்கு மூச்சு வாங்கியது. "சாமி கும்பிட வேணாம்னு நான் சொல்லல. எங்க மலையில மாதேஸ்வரனையே ஒத்தைக் கையில கும்பிட்டுத்தான் நாங்க ஏறுறோம். அவரும் ஏத்துக்கறாரு. உங்க சாமி ஏத்துக்காதா?"

மேலே அழுகையில்லை. சிரிப்பு. சிரிப்பும் முழுச் சிரிப்பில்லை.

"அம்மா."

"மக்கா."

"ஜெபம் பண்ணினியா?"

"ஆமாட்டி."

"கண்ண மூடிக்கிட்டா?"

சுகிர்தம் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு கையையும் எடுத்துட்டு!" ஹெப்சி பாறையில் ஒரு கையை ஊன்றிச் சுற்றுவதை நிறுத்திக்கொண்டாள். "மனசுக்குள்ள பண்ணுன்னு அதுக்குத்தான சொன்னேன்."

அப்போதுதான், மூன்றாம் மனுஷர் ஒருவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்க, மகள் அந்தரத்தில் தொங்க, ஐந்து வருஷம் அடுக்களையிலும் கோயிலிலும் தட்டுக் கழுவுகிற இடத்திலும் வராத அந்தக் கேள்வி வாயில் வந்து விழுந்துவிட்டது. "அன்னிக்கு நீ எந்த இடத்துலட்டி போனை வச்ச?"

எந்த அன்றைக்கு என்று ஹெப்சி கேட்கவில்லை. அதுவே பெரிய பதில். பாறையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், அதில் எழுதியிருக்கிற மாதிரி.

"ஆமென் வரைக்கும் கேட்டேம்மா."

"முழுசுமா?"

"முழுசும். ஆமென் சொல்லி முடிச்சிட்டு நீ ஏதாவது சொல்லுவன்னு இருந்தேன். நீ ஒண்ணும் சொல்லல. ரொம்ப நேரம் இருந்தேன். அப்புறம் வச்சிட்டேன்."

அந்த நேரம் எவ்வளவு என்று சுகிர்தத்துக்குத் தெரியும். கர்த்தருடைய ஜெபத்தை மனசுக்குள் ஒரு தரம் சொல்கிற நேரம். அதைப் போய் வெளியே தேடிக்கொண்டிருந்திருக்கிறாள், பொறுமை என்ற இடத்திலும் மருமகன் என்ற இடத்திலும். பிள்ளை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிட்டு, வாசலில் நிற்கிற மாதிரி நின்றிருக்கிறாள், கதவுக்கு இந்தப் பக்கம் நான் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். "நான் வந்துருன்னு சொன்னேன் மக்கா. கண்ணைத் திறந்ததும் அதைத்தான் சொன்னேன். போன்ல நீ இல்ல" என்றாள். குரல் மேலே போய்ச் சேர்ந்ததோ என்னவோ.

"எனக்குக் கேக்கலியே."

"ஆமா. கேட்டிருக்காது."

"மறுநாள் ஏன் சொல்லல?"

இதுதான். இந்தக் கேள்வி இருக்கிறதென்றே அவள் இத்தனை நாளும் நினைக்கவில்லை. முன்னதைத் துழாவிக்கொண்டிருந்ததால் இது பின்னால் நின்றது தெரியவில்லை. ஜெபத்தைச் சாக்குச் சொல்லலாம், ஹெப்சி அப்பாவைச் சாக்குச் சொல்லலாம், ஊரைச் சொல்லலாம். வாய் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் கீழே வைத்தது. "நீ சரியாயிருச்சுன்னு சொன்ன. எனக்கு அதக் கேட்டதும்… நிம்மதியா இருந்துச்சிட்டி. நான் சந்தோஷமாப் போயி அடுத்த கூட்டத்துல, கர்த்தர் பிள்ளை வீட்டைச் சரியாக்கிட்டாருன்னு சாட்சி சொல்லிட்டேன்."

தூரத்துத் தேனடைப் பக்கமிருந்து காற்று வந்தது. மன்னித்தேன் என்று ஹெப்சி சொல்லவில்லை, அப்படியெல்லாம் சொல்கிற பிள்ளையுமில்லை. கிழிந்த முழங்காலை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டாள். மாதேஷ் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, எங்கேயோ பார்த்துத் தொண்டையைச் செருமினார். "பாப்பா, எறக்கிடவா? இல்ல ஏறுறீங்களா? ஏறுறதுன்னா கயித்தை நான் வாங்கிக்கறேன்." சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். சுகிர்தம் தன் இடுப்புப் பூட்டைப் பார்த்தாள். கொடுத்துவிடுவதுதான் சரி. கையும் கொடுக்கத் தயாராயிருந்தது. கொடுத்துவிட்டுப் போய் அந்த மர நிழலில் உட்கார்ந்து, கண்ணை நன்றாக மூடிக்கொண்டு அழலாம் என்று உடம்பு முழுக்க ஏங்கியது.

"வேண்டாம் அண்ணா. அம்மாவே பிடிக்கட்டும்."

இந்தத் தரம் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

இழு, தள்ளு. கண்ணைத் திறந்து வை. இமைக்காதே. இமைத்தால்கூடப் பரவாயில்லை என்று பின்னால் மாதேஷ் சொல்கிறார், "இமைக்கலாம்மா, இமைக்கலாம், கண்ணுல தண்ணி கொட்டுது பாருங்க." கொட்டட்டும். கண்ணைத் திறந்துகொண்டு ஜெபம் பண்ண வருமா? வார்த்தைகள் வரமாட்டேன் என்கின்றன. புயலை அடக்கினவரே என்று தொடங்கினால் முன்னால் புயலில்லை, ஹெப்சியின் சப்பாத்து இருக்கிறது, அதன் அடியில் ஒரு சின்ன மேடு, அவ்வளவு சின்ன மேட்டில் கால் நிற்குமா, ஆண்டவரே அந்த மேடு. நின்றது. ஸ்தோத்திரம். இனி வலது கை. அந்தக் குழி, ஆண்டவரே, கொஞ்சம் மேலே, அவளுக்குத் தெரியவில்லை, அந்தக் கறுப்புக் கறைக்குப் பக்கத்தில், அங்கேதான். கண்டுகொண்டாள். பெரிய வார்த்தைகள் எல்லாம் உதிர்ந்துபோய் மேடு, குழி, விரல், கால் என்றுதான் ஜெபம் போகிறது, கடைக்குப் போகிற பிள்ளைக்குச் சாமான் சொல்லி விடுகிற மாதிரி. இது கேட்குமா அவருக்கு? கேட்காமலென்ன. அவரும் கண்ணைத் திறந்துகொண்டுதானே பார்த்துக்கொண்டிருப்பார், மூடிக்கொண்டு எப்படிப் பார்க்க? இதை ஐயரிடம் கேட்டால் என்ன சொல்வாரோ. மறுபடியும் அந்த வெடிப்பு வந்துவிட்டது. இடது கை. உள்ளே போகிறது, விரல், விரல், கட்டைவிரல் மடங்குகிறது. குதிகால் ஆடவில்லை. வெயிட்டைப் போடுகிறாள். போட்டுவிட்டாள். தகடும் ஆறு ஆணியும் அவள் முழுக் கனத்தையும் தாங்கி நிற்கின்றன, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முடிகிறது வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வலது கை மேலே போகிறது, போகிறது, போகாமல் பாதியில் நிற்கிறது. ஏன்? என்னாயிற்று? உள்ளங்கை எரிகிற அளவுக்குக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மேலே ஹெப்சி முகத்தைத் திருப்பாமலே கத்தினாள்:

"அம்மா, விடு! ஒரு முழம் விடும்மா! இப்பிடி இறுக்கிப் பிடிச்சா நான் எப்பிடி ஏற?"

இப்போது விடு என்கிறாள். விட்டால் விழுவாளா? விழமாட்டாள், அவள்தானே கேட்கிறாள். கேட்டதும் கொடு. ஜெபம் பண்ணிவிட்டு அல்ல, இப்போதே, கேட்ட உடனே. வலது கையை எடுக்காமல், விரலை மட்டும் லேசாக இளக்கி, மாதேஷ் சொல்லிக் கொடுத்த மாதிரி பூட்டுக்குள் கயிற்றை ஊட்டினாள். ஒரு முழம். சரியாக ஒரு முழம். மேலே கை போய் விளிம்பைப் பிடித்தது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அக்கா அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள். "உச்சிக்குப் போனாளா?" என்று நான் கேட்டேன். "போனா, போனா" என்றாள், அது பெரிய விஷயமில்லை என்கிற மாதிரி. "எறங்கி வந்து முழங்காலுக்கு மருந்து போட்டுக்கிட்டே, அடுத்த தரம் நீ ஏறு, நான் பிடிக்கேன்னா. சும்மா கெட, உன் சுடிதார்லயே பாதி செத்துட்டேன்னேன்." முதல் நாள் நான் இடித்த இடத்தைத் தடவிக் காட்டினாள், பொய்க்குத்தான், வலியெல்லாம் இல்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்கிறாள். ஜெபமென்று ஐயர் சொன்னதும் தலைகள் எல்லாம் குனியும். அவள் தலை மட்டும் நிமிர்ந்திருக்கும். யாருக்காக ஜெபிக்கிறார்களோ அந்த ஆளைத் தேடிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள், மடியில் வலது கை எதையோ பிடித்திருக்கிற மாதிரி மூடியிருக்கும். பக்கத்தில் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு விவரம் தெரியாது. நீங்கள் என்றைக்காவது எங்கள் கோயிலுக்கு வந்தால், ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறக்க நேர்ந்து அக்காவைப் பார்த்தால், தயவுசெய்து முழங்கையால் இடித்துவிடாதீர்கள்.